சேவலின் உறைவிந்து: ஆக்சிஜனேற்றத் தடுப்பான்கள் எவ்வளவு தூரம் காக்கும்?

தஞ்சாவூரை அடுத்த ஈச்சங்கோட்டையில் காளைகளின் விந்து சன்னமான குச்சிகளில் அடைக்கப்பட்டு, திரவ நைட்ரஜனில் மைனஸ் 196 டிகிரி செல்சியஸில் உறைந்த நிலையில் கால்நடை மருந்தகங்களுக்குப் போகிறது. மாட்டுக்குச் சினை ஊசி போடுவது காவிரி டெல்டாவில் எந்த ஊருக்கும் புதிய செய்தி அல்ல. அதே மாவட்டத்தின் ஒரத்தநாட்டில் 2012-இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது. இத்தனை இருந்தும், சிறுவிடை என்ற நாட்டுக்கோழி வகைச் சேவலின் உறைவிந்துக் குச்சி வேண்டுமென்று கேட்டால் எந்த மருந்தகத்திலும் கிடைக்காது. தமிழ்நாட்டில் மட்டும் இந்த நிலை என்று எண்ண வேண்டாம். உலகம் முழுவதும் காளை விந்து பெருந்தொழிலாகிவிட்டது. கோழி விந்து மரபுவள வங்கிகளுக்கும் ஆய்வுக்கூடங்களுக்கும் உள்ளேயே நிற்கிறது.

இதற்குச் சொல்லப்படும் காரணங்களில் ஒன்று, உறைந்து உருகும்போது சேவலின் விந்தணு ஆக்சிஜனேற்றத்தால் சிதைகிறது என்பது. அப்படியானால் வைட்டமின் ஈ, குளுட்டாதயோன், கேட்டலேஸ் போன்ற தடுப்பான்களைச் சேர்த்து அதைக் காப்பாற்றலாமே என்ற எண்ணம் இயல்பாக எழும். கடந்த இருபது ஆண்டுகளில் இந்த எண்ணத்தைச் சோதித்த ஆய்வுகள் குவிந்துகிடக்கின்றன. அவை எதை நிறுவியிருக்கின்றன, எதை நிறுவவில்லை என்று பார்ப்பதே இந்தக் கட்டுரையின் வேலை.

நாட்டுக்கோழி வளர்ப்போருக்கு இது ஏட்டுக் கேள்வி அல்ல. வெள்ளைக்கழிச்சல் ஒருமுறை புகுந்தால் ஒரு தெருவின் கோழிகள் ஒரே வாரத்தில் போய்விடும். 2018 நவம்பர் 16-ஆம் நாள் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்த கஜா புயல் தென்னையோடு சேர்த்து ஆடு, மாடு, கோழிகளையும் கொண்டுபோனது. தலைமுறைகளாகக் கொல்லைப்புறத்தில் தேர்ந்து வளர்த்த ஒரு கோழி வழி அழிந்தால், அதைத் திரும்பப் பெற இப்போது வழியில்லை. உறைவிந்து அந்த வழியாகலாம் என்பதுதான் நம்பிக்கை.

1949-இல் கிடைத்த விடையும் அதில் ஒளிந்திருந்த தடையும்

உறையவைத்தல் என்ற கலையே சேவலிடமிருந்துதான் தொடங்கியது என்று சொன்னால் மிகையாகாது. 1940-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ஷாஃப்னரும் அவருடைய குழுவினரும் லெவ்யுலோஸ் என்ற பழச்சர்க்கரைக் கரைசலில் சேவல் விந்தை உறையவைத்துப் பார்த்தார்கள். லண்டன் மில் ஹில்லில் இருந்த தேசிய மருத்துவ ஆய்வு நிறுவனத்தில் கிறிஸ்டோபர் போல்ஜ், ஆட்ரி ஸ்மித், ஆலன் பார்க்ஸ் ஆகிய மூவரும் அதையே தொடர்ந்தார்கள். ஒருமுறை மட்டும் வியக்கத்தக்க முறையில் விந்தணுக்கள் உயிரோடு மீண்டன. புட்டியில் இருந்ததைப் பகுத்துப் பார்த்தபோது அதில் சர்க்கரையே இல்லை. பெயர்ச்சீட்டு மாறிப்போன அந்தப் புட்டியில் இருந்தது, திசுக்களைக் கண்ணாடித் தகட்டில் ஒட்டப் பயன்படும் ஆல்புமின்–கிளிசரால் கலவை. காத்தது கிளிசரால் என்பது தெரியவந்தது. 1949-இல் 'நேச்சர்' இதழில் வெளிவந்த அந்தக் கட்டுரைதான் இன்றைய உறைவிந்துத் தொழில் முழுமைக்கும் அடித்தளம். 1951-இல் மைனஸ் 79 டிகிரியில் உறைந்திருந்த சேவல் விந்திலிருந்து குஞ்சு பொரித்ததைப் போல்ஜ் அறிவித்தார். அதே ஆண்டில் உறைவிந்தின் முதல் கன்றும் பிறந்தது.

கன்றுக்குப் பின்னால் பெரிய தொழில் வளர்ந்தது. குஞ்சுக்குப் பின்னால் வளரவில்லை. கிளிசரால் சேவலின் விந்தணுவைக் குளிரில் காக்கிறது, ஆனால் பெட்டைக்கோழியின் உடலுக்குள் கருவுறுதலைக் கெடுக்கிறது. உறையவைக்கத் தேவைப்படுவது சுமார் 10 சதவீதம். கருவூட்டும்போது 1–2 சதவீதம் எஞ்சியிருந்தாலே முட்டைகள் கூமுட்டையாகின்றன. கோழியின் கருப்பைக்கும் யோனிக்கும் இடைப்பட்ட பகுதியில் நுண்ணிய குழல்கள் உள்ளன. ஒருமுறை சேவலோடு சேர்ந்த கோழி இரண்டு, மூன்று வாரம்வரை கருவுள்ள முட்டையிடுவது அந்தக் குழல்களில் விந்தணு தங்கியிருப்பதால்தான். கிளிசரால் அங்கேதான் குறுக்கிடுகிறது என்பது பரவலான கருத்து. ஆகவே உருகிய விந்திலிருந்து கிளிசராலை வெளியேற்ற வேண்டும். படிப்படியாக நீர்த்து, மையவிலக்கியில் சுழற்றி எடுக்கும் இந்த வேலையில் விந்தணு இன்னொரு முறை அடிபடுகிறது. இந்தத் தொல்லையிலிருந்து விடுபட டைமெதில் அசிட்டமைடு, டைமெதில் சல்பாக்சைடு, எத்திலீன் கிளைக்கால் ஆகியவற்றை ஒவ்வொன்றாகச் சோதித்தார்கள். ஜப்பானில் என்-மெதில் அசிட்டமைடு பயனுக்கு வந்தது. இவற்றை நீக்காமலேயே கருவூட்டலாம். ஆனால் இவற்றுக்கும் தத்தம் நச்சுத்தன்மை உண்டு.

ஆக்சிஜனேற்றம் பற்றிய பேச்சு இந்தத் தடைக்குப் பிறகே வருகிறது. இந்த வரிசையை மறந்துவிட்ட ஆய்வுகள் பல என்பதால் இதை இங்கேயே குறித்துவைக்கிறேன்.

ஆக்சிஜனேற்றக் கோட்பாட்டின் வேர்

விந்தணுவும் ஆக்சிஜனும் ஒன்றுக்கொன்று பகையாகலாம் என்பது பழைய கண்டுபிடிப்பு. மனித விந்தணுவின் இயக்கம் ஆக்சிஜன் மிகுந்தால் குறைகிறது என்று 1943-இல் ஜான் மெக்லியோட் காட்டினார். காளையின் விந்தணு ஹைட்ரஜன் பெராக்சைடை உண்டாக்குவதை 1946-இல் டோசிக், வால்டன் இருவரும் பதிவு செய்தார்கள். சேவல் விந்தணுவில் கொழுப்பு ஆக்சிஜனேற்றம் நடப்பதை ஃபுஜிஹாராவும் ஹோவர்த்தும் 1978-இல் அளந்தார்கள். 1990-களில் பீட்டர் சூராயும் அவரோடு பணியாற்றியவர்களும் பறவை விந்தின் கொழுப்பு அமிலங்களையும் அதில் இயல்பாக உள்ள தடுப்பான்களையும் விரிவாக வரைந்து காட்டிய பிறகு, இந்தக் கோட்பாடு இன்றைய வடிவத்தை அடைந்தது.

அந்த வடிவம் இது. சேவலின் விந்தணு நூல் போன்றது. ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு நீளம் இருக்கும். தலையின் தடிமனோ அந்த நீளத்தில் இருநூறில் ஒரு பங்குதான். உள்ளே உயிரணுச் சாறு மிகக் குறைவு. சாறு குறைந்தால் அதில் கரைந்திருக்கும் பாதுகாப்பு நொதிகளும் குறைவு. வெளிச்சவ்விலோ இருபதும் இருபத்திரண்டும் கார்பன் கொண்ட, நான்கு இரட்டைப் பிணைப்புள்ள ஒமேகா-6 கொழுப்பு அமிலங்கள் மிகுதி. மைட்டோகாண்ட்ரியாவில் ஆற்றல் உற்பத்தியின்போது கசியும் எலக்ட்ரான்கள் ஆக்சிஜனோடு சேர்ந்து சூப்பராக்சைடாகின்றன. அதிலிருந்து ஹைட்ரஜன் பெராக்சைடு உருவாகிறது. சிறிதளவு இரும்போ தாமிரமோ இருந்தால் அதுவே ஹைட்ராக்சில் என்ற கொடிய துண்டாகிறது. அது கொழுப்பு அமிலத்தின் இரட்டைப் பிணைப்புகளுக்கு நடுவிலிருந்து ஒரு ஹைட்ரஜனைப் பிடுங்கிவிட்டால் போதும், ஒன்று இன்னொன்றைக் கெடுக்கும் சங்கிலி வினை தொடங்கிவிடும். அரவை மில்லிலிருந்து வரும் தவிட்டில் எண்ணெயை முதலில் உடைப்பது லைப்பேஸ் நொதி. அதைத் தொடர்ந்து தவிட்டைச் சிக்கு வாடை அடிக்க வைப்பது இதே சங்கிலி வினை. விந்தணுவில் வாடை தெரியாது. சவ்வு இறுகும், ஓட்டையாகும், இயக்கம் நிற்கும், மரபுப்பொருளிலும் முறிவு விழும்.

கேட்பதற்குப் பொருத்தமான இந்த விளக்கத்தில் ஒரு பலவீனம் இருக்கிறது. காளையின் விந்தணுச் சவ்வில் டி.எச்.ஏ. என்ற, ஆறு இரட்டைப் பிணைப்புள்ள கொழுப்பு அமிலம் மிகுதி. பிணைப்பு கூடக்கூட ஆக்சிஜனேற்றம் எளிதாகும் என்பது வேதியியல். அதன்படி காளை விந்தணுதான் சேவலுடையதைவிட விரைவில் கெட வேண்டும். ஆனால் காளை விந்து நன்றாக உறைந்து மீள்கிறது. ஆகவே "பறவை விந்தணுவில் நிறைவுறாக் கொழுப்பு அதிகம், அதனால்தான் அது உறைவைத் தாங்குவதில்லை" என்று கட்டுரைக்குக் கட்டுரை திரும்ப வரும் முன்னுரை வாக்கியம் தனியாக நிற்காது. விந்தணுவின் வடிவம், சவ்வில் கொலஸ்ட்ராலின் அளவு, நீரைக் கடத்தும் விதம், கிளிசரால் தொல்லை ஆகியவற்றையும் சேர்த்தால்தான் காரணம் முழுமை பெறும்.

கரைசலில் சேர்ப்போர் தரப்பு

மிகப் பெரிய ஆய்வுக் குவியல் இங்கேதான். சேகரித்த விந்தை நீர்க்கும் கரைசலில் ஏதாவது ஒரு தடுப்பானை மூன்று, நான்கு அளவுகளில் சேர்ப்பது, உறையவைப்பது, உருக்குவது, கணினி வழியே இயக்கத்தையும், சாயம் ஏற்றி உயிருள்ள விந்தணுக்களையும், கொழுப்பு ஆக்சிஜனேற்றத்தில் உண்டாகும் மலோண்டைஆல்டிஹைடின் அளவையும் பார்ப்பது. ஈரானிலும் போலந்திலும் துருக்கியிலும் இத்தகைய வேலை நிறைய நடந்திருக்கிறது. சோதிக்கப்பட்டவற்றின் பட்டியல் நீளம்: வைட்டமின் ஈ, வைட்டமின் சி, குளுட்டாதயோன், சிஸ்டீன், டாரின், ஹைப்போடாரின், எல்-கார்னிட்டின், மெலடோனின், ரெஸ்வெரட்ரால், குவர்செட்டின், கோஎன்சைம் கியூ10, செலினியம் நுண்துகள், சூப்பராக்சைடு டிஸ்மியூட்டேஸ், கேட்டலேஸ். பெரும்பாலான கட்டுரைகளின் முடிவும் ஒரே மாதிரி: நடுத்தர அளவில் சேர்த்தபோது இயக்கமும் உயிர்ப்பும் கூடின, மலோண்டைஆல்டிஹைடு குறைந்தது, அதிக அளவில் அந்தப் பயன் மறைந்தது அல்லது தீமையானது.

இந்த ஒற்றுமையைச் சான்றாகக் கொள்ள ஆசை வருகிறது. கொஞ்சம் நிதானித்துப் பார்த்தால் அதுவே ஐயத்தையும் கிளப்புகிறது. வேதியியல் முறையில் ஒன்றோடொன்று உறவே இல்லாத இருபது பொருள்கள் ஏறத்தாழ ஒரே அளவு நன்மை தருகின்றன என்றால், ஒவ்வொன்றும் தனக்கே உரிய வழியில் வேலை செய்கிறது என்று நம்புவது கடினம். பயன் தராத சோதனைகள் அச்சேறாமல் போயிருக்கவும் இடமுண்டு.

எந்தப் பொருள் எங்கே போய்ச் சேரும் என்பதைப் பார்த்தால் வேறுபாடுகள் தெளிவாகும். டிஸ்மியூட்டேஸும் கேட்டலேஸும் பெரிய புரதங்கள். சவ்வைக் கடந்து உள்ளே போகமாட்டா. வெளியே கரைசலில் இருக்கும் பெராக்சைடை மட்டுமே அவை அழிக்கும். இறந்த விந்தணுக்களிலிருந்தும், சேகரிக்கும்போது கலந்துவிடும் எச்சத்திலிருந்தும் வருவதைத் தடுக்க அது உதவலாம். குளுட்டாதயோனும் எளிதில் உள்ளே நுழைவதில்லை. அதன் மூலப்பொருளான சிஸ்டீன் நுழையும். வைட்டமின் ஈ சவ்விலேயே பதிந்து சங்கிலி வினையை அறுக்கக்கூடியது, ஆனால் நீரில் கரையாது; எத்தனாலிலோ டைமெதில் சல்பாக்சைடிலோ கரைத்துச் சேர்க்க வேண்டும். அந்தக் கரைப்பானே விந்தணுவைப் பாதிக்கும் அல்லது காக்கும். கரைப்பானை மட்டும் சேர்த்த ஒப்பீட்டுக் குழு இல்லாத ஆய்வு எதையும் நிறுவியதாகாது. வைட்டமின் சி, வைட்டமின் ஈ-யைப் புதுப்பித்துக் கொடுக்கும் நல்ல துணை. ஆனால் தனி இரும்பு இருக்கும் இடத்தில் அதுவே ஹைட்ராக்சில் உற்பத்திக்கு உடந்தையாகிவிடும்.

கேட்டலேஸ் பற்றிய வரலாறு இந்தத் துறையின் நிலையற்ற தன்மையைக் காட்டுகிறது. சேவல் விந்தில் அந்த நொதியே இல்லை என்று தொடக்க ஆய்வுகள் கூறின. "இல்லாததைச் சேர்ப்போம்" என்ற வாதம் அதன்மேல் எழுந்தது. பிறகு 2012-இல் போலந்தின் விரோஸ்வாஃப் நகர ஆய்வாளர்கள் சேவல் விந்திலும் வாத்தினப் பறவை விந்திலும் கேட்டலேஸ் செயல்பாட்டை அளந்து வெளியிட்டார்கள். அடிப்படையே மாறிய பின்னும் பழைய வாதம் தொடர்ந்து மேற்கோளாகிறது.

முருங்கையிலை, மஞ்சள், நெல்லி, துளசி என்று நம் கொல்லையில் இருப்பவற்றின் சாற்றைச் சேர்த்துப் பார்க்கும் ஆவல் இங்கே இயல்பு. அது தவறான ஆவல் அல்ல. ஆயினும் ஒரு சாற்றில் நூறு பொருள்கள் இருக்கும். மண், பருவம், காயவைத்த விதம் ஆகியவற்றுக்கேற்ப அவற்றின் அளவு மாறும். டானின் மிகுந்தால் புரதங்களை உறையச் செய்யும். ஒரு பருவத்தில் கிடைத்த நல்ல முடிவை அடுத்த பருவத்தில் மீண்டும் பெற முடியாது என்ற இடர் இதில் அதிகம்.

தீவனத்தின் வழியே சேர்ப்போர் தரப்பு

இன்னொரு தரப்பு, விந்தைப் பிடித்த பிறகு மருந்து போடுவதைவிட, சேவல் அதை உருவாக்கும்போதே வலுப்படுத்துவது நல்லது என்கிறது. 1922-இல் ஈவன்ஸும் பிஷப்பும் வைட்டமின் ஈ-யைக் கண்டறிந்ததே எலிகளின் இனப்பெருக்கச் சோதனையில்தான். செலினியம் இல்லாமல் குளுட்டாதயோன் பெராக்சிடேஸ் என்ற நொதி இயங்காது என்பது 1973-இல் தெரிந்தது. சேவலின் தீவனத்தில் வைட்டமின் ஈ-யைக் கூட்டினால் விந்தணுவில் அதன் செறிவு கூடுகிறது என்பதற்கு ஆதாரம் திடமானது. சவ்வு கட்டப்படும்போதே அங்கே போய் உட்கார்ந்துவிடுவதால் கரைப்பான் சிக்கலும் இல்லை. சேவலில் விந்தணு உருவாக ஏறத்தாழ இரண்டு வாரம் ஆகும். எனவே விந்து எடுப்பதற்குச் சில வாரங்களுக்கு முன்பே தீவனத்தை மாற்றினால் போதும்.

இந்தத் தரப்பை நான் கூடுதலாக மதிக்கிறேன். டெல்டாவின் நிலைமையும் இதற்கு ஒரு காரணம். வெளிநாட்டு ஆய்வுகளில் பெரும்பகுதி கூண்டில் அடைத்து, அளவிட்ட தீவனம் கொடுத்து வளர்த்த கறிக்கோழித் தாய்வழிச் சேவல்களில் நடந்தது. இங்கே ஒரு கொல்லைப்புறச் சேவல் தின்பது தவிடு, நொய், கருக்காய், களத்தில் சிந்திய நெல், கீரை, புழு, கறையான். தவிட்டில் டோக்கோஃபெரால், டோக்கோடிரையினால், ஒரிசனால் ஆகிய மூன்று இயற்கைத் தடுப்பான்களும் உள்ளன. ஒரிசனால் 1954-இல் ஜப்பானில் முதன்முதலில் பிரிக்கப்பட்டதே தவிட்டெண்ணெயிலிருந்துதான். ஆனால் அரைத்த தவிடு விரைவில் கெடுவதால், பழைய தவிடு தின்னும் கோழிக்கு இந்தப் பொருள்கள் கிடைப்பதற்குப் பதிலாக ஆக்சிஜனேற்றமடைந்த கொழுப்பு கிடைக்கும். நெல் பதப்படுத்தலுக்கென்றே தஞ்சாவூரில் வளர்ந்த தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனம் ஒருபக்கம், ஒரத்தநாட்டுக் கல்லூரி மறுபக்கம் என்று இரண்டும் ஒரே மாவட்டத்தில் இருக்கின்றன. நிலைப்படுத்திய தவிடு தின்ற சேவலின் விந்து உறைவை எப்படித் தாங்குகிறது என்ற கேள்வியைக் கேட்க இதைவிடப் பொருத்தமான ஊர் குறைவு.

குறைபாடும் உண்டு. தீவனத்தில் சேர்த்தது விந்தணுவில் சேர்ந்தது என்பது ஒரு படி. அது உறைந்து உருகிய பிறகும் காத்தது என்பது அடுத்த படி. முதல் படிக்கு உள்ள ஆதாரத்தின் கனம் இரண்டாவதற்கு இல்லை.

மறுப்போர் சொல்வது

ஆக்சிஜனேற்றம் நடக்கிறது என்பதை மறுப்பவர்கள் யாரும் இல்லை. அது முதன்மைக் காரணமா என்பதில்தான் பிளவு. உறையும்போது வெளியே பனிப்படிகம் உருவாக, எஞ்சிய கரைசலின் உப்புச்செறிவு ஏறுகிறது. விந்தணு நீரை இழந்து சுருங்குகிறது. உருகும்போது நீர் பாய்ந்து உப்புகிறது. சவ்வின் கொழுப்புகள் குளிரில் இறுகி, இடம் மாறி, இடைவெளி விடுகின்றன. இவை அனைத்தும் இயற்பியல் அடிகள். எந்தத் தடுப்பானும் இவற்றை நிறுத்தாது என்பது மறுப்போரின் வாதம். ஆக்சிஜனேற்றம் ஏற்கெனவே கிழிந்த சவ்வில் பின்னால் வந்து சேரும் சேதம் என்றே அவர்கள் கருதுகிறார்கள்.

காலக்கணக்கு இந்த வாதத்துக்கு வலுச் சேர்க்கிறது. மைனஸ் 196 டிகிரியில் வேதிவினைகள் நடைமுறையில் நின்றுவிடுகின்றன. பத்து ஆண்டு வைத்தாலும் அங்கே ஆக்சிஜனேற்றம் முன்னேறாது. வினைக்கு இடம் இருப்பது விந்தெடுத்து 5 டிகிரிவரை குளிரவைத்து உறையவைக்கும் அந்தக் குறுகிய நேரத்திலும், உருக்கிக் கருவூட்டும் சில நிமிடங்களிலும்தான். பிறகு கோழியின் குழல்களுக்குள் விந்தணு நாள்கணக்கில் காத்திருக்கிறது. உறைவில் சற்றுக் காயம்பட்ட விந்தணு மெல்ல மெல்ல ஆக்சிஜனேற்றத்துக்கு ஆளாக நீண்ட நேரம் கிடைப்பது அங்கேதான். அந்தக் கட்டத்தில் கரைசலில் சேர்த்த பொருள் கழுவப்பட்டுப் போயிருக்கும்; சவ்வில் பதிந்தது மட்டுமே எஞ்சும். மறுப்போரின் காலக்கணக்கு கரைசல் தரப்பைப் பலவீனமாக்கும்போதே தீவனத் தரப்பை வலுவாக்குகிறது. விவாதத்தில் இந்த நுணுக்கம் போதிய கவனம் பெறவில்லை.

இன்னொரு மறுப்பு, சிறிதளவு ஆக்சிஜன் துண்டுகள் விந்தணுவுக்குத் தேவை, முழுக்கத் துடைத்தால் கருவுறும் திறனே போகும் என்பது. பாலூட்டிகளில் விந்தணு முதிர்ந்து தயாராகும் கட்டத்துக்கு அவை வேண்டும் என்று நன்கு காட்டப்பட்டிருக்கிறது. பறவை விந்தணுவுக்கு அப்படிப்பட்ட நீண்ட தயாரிப்புக் கட்டம் கிடையாது. கருமுட்டையின் உள்ளுறையைத் தொட்டதும் அது வினையாற்றிவிடும். ஆகவே காளையிலிருந்து சேவலுக்கு இந்த வாதத்தை அப்படியே கொண்டுவருவது சரியல்ல. அதிக அளவில் தடுப்பான்கள் தீமை செய்வதற்கு வேறு காரணம் தேட வேண்டியிருக்கிறது.

எதை அளந்து "காத்தது" என்கிறோம்?

இந்தக் கேள்வி முழுவதிலும் மிக மெலிந்த இடம் இதுதான். மலோண்டைஆல்டிஹைடை அளக்கும் வழக்கமான முறையில் தயோபார்பிட்யூரிக் அமிலம் தரும் இளஞ்சிவப்பு நிறத்தின் அடர்த்தியைப் பார்க்கிறார்கள். சர்க்கரை உள்பட வேறு பொருள்களும் அந்த நிறத்தைத் தரும். நீர்க்கும் கரைசல்களிலோ சர்க்கரை இருக்கிறது. இயக்கம் கூடினால் கருவுறுதலும் கூடும் என்பதும் உறுதி அல்ல. குழல்களுக்குள் நுழைந்து, நாள்கணக்கில் தங்கி, பிறகு முட்டையை அடையும் திறனைக் கண்ணாடித் தகட்டின் ஐந்து நிமிடம் சொல்லிவிடாது.

கடைசி அளவுகோல் கருவுள்ள முட்டையும் பொரித்த குஞ்சும்தான். அந்த அளவுகோலைத் தொட்ட ஆய்வுகள் குறைவு, தொட்டவற்றிலும் முட்டைகளின் எண்ணிக்கை சிறிது. ஏன் என்பது ஒரு கணக்கில் விளங்கும். தடுப்பான் கருவுறுதலை 50 சதவீதத்திலிருந்து 60 சதவீதமாக உயர்த்துகிறது என்று வைத்துக்கொள்வோம். அதை வழக்கமான புள்ளியியல் நம்பகத்தோடு கண்டறிய ஒவ்வொரு குழுவுக்கும் ஏறத்தாழ 390 முட்டைகள் வேண்டும். ஒரு நாட்டுக்கோழி இரண்டு வாரத்தில் எட்டு முட்டை இட்டால், குழுவுக்கு ஐம்பது கோழிகள். ஒரே கோழியின் முட்டைகள் ஒன்றுபோல நடந்துகொள்ளும் என்பதால் உண்மையில் இன்னும் கூடுதலாகத் தேவைப்படும். முட்டைக்கோழி இனங்களில் இது எளிது. ஈடு முடிந்ததும் அடைக்கு உட்கார்ந்துவிடும் சிறுவிடையில் இது பெருஞ்செலவு.

முட்டையைப் பார்க்கும் விதத்திலும் ஒரு பொறி இருக்கிறது. ஏழாம் நாள் விளக்கொளியில் வெறுமையாகத் தெரியும் முட்டை கருவுறாததாகவும் இருக்கலாம். கருவுற்று முதல் நாளிலேயே செத்த கருவாகவும் இருக்கலாம். ஆக்சிஜனேற்றம் விந்தணுவின் மரபுப்பொருளை முறித்திருந்தால் அதன் விளைவு இந்த இரண்டாவது வகையில்தான் வெளிப்படும். கருமுட்டையின் உறையில் விந்தணு துளைத்த துளைகளை நுண்ணோக்கியில் எண்ணினால் இரண்டையும் பிரித்தறியலாம். தடுப்பான் ஆய்வுகளில் இந்த எண்ணிக்கையைச் சேர்த்தவை மிகச் சில.

இந்தியாவில் இந்தப் பணியின் மையம் ஹைதராபாத் ராஜேந்திரநகரில் உள்ள கோழியின ஆராய்ச்சி இயக்குநரகம். உள்நாட்டுக் கோழி இனங்களைப் பராமரிக்கும் அந்த நிறுவனத்திலிருந்து விந்து உறைவிப்பு பற்றிய ஆய்வுகள் வந்திருக்கின்றன. கிளிசரால் போன்ற உறைகாப்பான், நீர்க்கும் கரைசல், கோழியின் வழி ஆகிய மூன்றில் எது மாறினாலும் முடிவு மாறுகிறது என்பதே அங்கிருந்தும் பிற நாடுகளிலிருந்தும் வரும் பாடம். கறிக்கோழிச் சேவலில் வெற்றி கண்ட ஒரு செய்முறையைப் பெருவிடை நாட்டுக்கோழிக்கு அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது.

விந்து மட்டும் போதுமா?

சிலர் கேள்வியையே மாற்றிவிடுகிறார்கள். பறவைகளில் பெண்ணிடம்தான் இரு வேறு பாலினக் குரோமோசோம்கள் உள்ளன; சேவலின் விந்தில் டபிள்யூ குரோமோசோம் கிடையாது, தாய்வழி மைட்டோகாண்ட்ரிய மரபும் கிடையாது. எனவே எவ்வளவு நன்றாக உறையவைத்தாலும் விந்து ஓர் இனத்தின் முழுமை ஆகாது. பெட்டைகள் முற்றிலும் அழிந்த பிறகு வேறு இனக் கோழிகளில் அந்த விந்தைச் செலுத்தி மீட்டால், முதல் தலைமுறையில் பாதி, இரண்டாவதில் முக்கால் என்று போய் ஐந்தாம் தலைமுறையில்தான் ஏறத்தாழ 97 சதவீதம் திரும்பும். ஒரு தலைமுறைக்கு ஓராண்டு என்றால் ஐந்து ஆண்டு. ஸ்காட்லாந்தின் ராஸ்லின் நிறுவனம் கருவின் இரத்தத்திலிருந்து முதல்நிலை இனஉயிரணுக்களை எடுத்து வளர்த்து, உறையவைத்து, மலட்டுக் கோழிகளில் செலுத்திக் குஞ்சு பெறும் வழியைக் காட்டியிருக்கிறது. கனடாவில் குஞ்சுகளின் சூலகத்தையே உறையவைத்து வேறு குஞ்சில் ஒட்டிவைத்து வெற்றி கண்டார்கள். இவை முழு மரபையும் காக்கின்றன. ஆனால் வேண்டிய ஆய்வுக்கூட வசதி பெரிது. திரவ நைட்ரஜன் கொள்கலனும் வயிற்றைத் தடவி விந்தெடுக்கும் பழகிய கையும் போதும் என்ற எளிமை விந்துக்கு மட்டுமே உண்டு. அந்தத் தடவுமுறையை பரோஸும் குவின்னும் 1930-களில் வகுத்தார்கள், இன்றும் மாறவில்லை.

இன்னும் தீராதவை

கிடைத்திருக்கும் ஆதாரத்தை எடைபோட்டால் சிலவற்றை ஓரளவு உறுதியாகச் சொல்லலாம். உறைந்து உருகும் சேவல் விந்தில் ஆக்சிஜனேற்றச் சேதம் நடக்கிறது. பொருத்தமான அளவில் தடுப்பான் சேர்த்தால் கண்ணாடித் தகட்டில் தெரியும் தரம் பெரும்பாலும் சற்று உயர்கிறது. எந்த ஒரு பொருளும் மற்றவற்றைவிட மேலானது என்று காட்டப்படவில்லை. குஞ்சுகளின் எண்ணிக்கையில் பயன் உண்டா என்பதற்குச் சான்று சிதறலாகவே இருக்கிறது. கிளிசராலைத் தவிர்ப்பதா, நீக்குவதா என்ற பழைய முடிவு தடுப்பானைவிடப் பெரிய வேறுபாட்டை உண்டாக்குகிறது என்பது என் கணிப்பு.

எவ்வளவு வெற்றி போதும் என்பது நோக்கத்தைப் பொறுத்தது. வணிகப் பண்ணைக்குப் புதிய விந்தின் 90 சதவீதக் கருவுறுதலுக்கு நெருங்கி வர வேண்டும். உடல் பருத்துவிட்டதால் செயற்கைக் கருவூட்டலையே நம்பியிருக்கும் வான்கோழித் தொழில்கூட இன்றும் அன்றன்று எடுத்த விந்தையே பயன்படுத்துகிறது. மரபுவள வங்கிக்கு அந்த உயரம் தேவையில்லை. கருவுறுதல் 40 சதவீதமே இருந்தாலும் ஒரு வழியை மீட்டுவிடலாம், குச்சிகள்தான் கூடுதலாக வேண்டும். ஒரு சேவல் ஒருமுறை தருவது 0.3 மில்லி, ஒரு மில்லியில் 400 கோடி விந்தணு என்று கொண்டால், மொத்தம் 120 கோடி. புதிய விந்தில் கோழிக்குப் 10 கோடி போதும். பன்னிரண்டு கோழிகளுக்குக் கணக்கு வரும். உறைவிந்தில் 40 கோடி தேவைப்பட்டால் மூன்றுதான். தடுப்பானின் உண்மையான மதிப்பு இந்த மூன்றை நான்காக்குமா, ஐந்தாக்குமா என்பதில் இருக்கிறது. இந்தக் கோணத்தில் எழுதப்பட்ட ஆய்வு அரிது.

டெல்டாவுக்கே உரிய கேள்விகளும் காத்திருக்கின்றன. கத்திரி வெயிலில் எடுத்த விந்தும் மார்கழியில் எடுத்த விந்தும் உறைவை ஒரே மாதிரி தாங்குமா? வெப்பம் ஆக்சிஜனேற்றத்தைத் தூண்டும் என்பதால் தடுப்பானின் தேவை பருவத்துக்குப் பருவம் மாறலாம். அறுவடை முடிந்த வயல்களில் மேயும் நாட்டு வாத்துகளின் விந்து, கோழியைவிடவும் குறைவாகவே ஆராயப்பட்டது. அதன் கொழுப்பு அமைப்புக்கு எந்தத் தடுப்பான் பொருந்தும் என்பது தொடப்படாத பகுதி. கொருக்கைப் பண்ணையில் உம்பளச்சேரி மாட்டினத்தை அரசே பேணுவதுபோல, சிறுவிடைக்கும் பெருவிடைக்கும் கலப்பில்லாத மந்தை ஒன்று முதலில் வேண்டும். எந்தச் சேவலின் விந்தை உறையவைப்பது என்ற தேர்வு, எந்தத் தடுப்பானைச் சேர்ப்பது என்ற தேர்வுக்கு முன்னால் நிற்கிறது. அந்தத் தேர்வை முடித்து, தவிட்டு வைட்டமின் ஈ ஊட்டிய சேவல்களையும் ஊட்டாதவற்றையும் பிரித்து, கிளிசரால் இல்லாத முறையில் உறையவைத்து, போதிய எண்ணிக்கையிலான முட்டைகளை அடைவைத்துப் பார்க்கும் ஒரு சோதனை இரண்டு முட்டையிடும் பருவங்களில் முடிந்துவிடக்கூடியது.